நெட்டைக்கல்லுக்கு வெள்ளையடித்தவள்

இடுப்பளவு வரைக்கும் காவி, அதற்கு மேல் ஆள் கை எட்டும் உயரம் வரைக்கும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவில் கை நடுங்காமல் இழுத்த ஒரு கோடு. அந்தக் கோலத்தில் எங்கள் ஊர் நெட்டைக்கல்லை நான் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் பார்த்தேன். ஆனாலும் கண்ணை மூடினால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. பெரிய அதிகாரி வருகிற பாதையில் புளியமரங்களுக்கு அடிப்பார்களே, பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு அடிப்பார்களே, அதே பட்டை. எத்தனையோ தலைமுறை வெயிலையும் மழையையும் வாங்கிக் கருத்துக் கிடந்த கல்லை ஒரே நாளில் செக்போஸ்ட் கம்பம் மாதிரி ஆக்கி வைத்திருந்தார்கள். அதைச் செய்யச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் மதினியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

மதினி என் ஒரே அண்ணனுக்கு வாக்கப்பட்டு, சின்னாளப்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவர். திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடி போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, வடக்கே செத்த நேரம் நடந்தால் எங்கள் ஊர் வரும். மதினி ஆள் குட்டை. குரல் மட்டும் மூன்று தோட்டம் தாண்டிக் கேட்கும். சுங்குடிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மல்லிகைக் காட்டில் களைவெட்ட இறங்கினால் ஆம்பளை ஆட்களே பின்தங்கிப் போவார்கள். ஆரம்பத்தில் எனக்கு அவரிடம் பெரிய பிரியமெல்லாம் கிடையாது. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் பயம், கொஞ்சம் ஏளனம். நான் பரீட்சை எழுதி அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து டவுனுக்குக் குடிபோனவள். யார் முன்னால் எவ்வளவு குனிய வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மதினி குனிந்தது களையெடுக்கவும் பூப்பறிக்கவும் மட்டும்தான்.

அண்ணன் தோட்டத்துக்கும் பெரிய வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே பொதுக் கிணறு ஒன்று. பெரிய வீடு என்பது எங்கள் பெரியப்பா குடும்பம். கிணற்றை ஒட்டிய பொது இடத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒற்றைக் கல் செங்குத்தாக நிற்கும். அதுதான் நெட்டைக்கல். சிற்பம் கிடையாது, எழுத்துக் கிடையாது, பொட்டு வைத்துக் கும்பிடுகிற வழக்கமும் கிடையாது. சுற்றிலும் வட்டமாக, பாதி மண்ணுக்குள் புதைந்த உருண்டைக் கற்கள். யார் நட்டது, எதற்கு நட்டது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதற்கு ஒரு வேலை இருந்தது. கிணற்றுத் தண்ணீர் முறையை அதுதான் பிரித்துக் கொடுத்தது. காலையில் கல்லின் நிழல் மேற்கே கிடக்கும். அது மேற்கே கிடக்கிற வரைக்கும் தண்ணீர் பெரிய வீட்டுக்கு. உச்சிப்பொழுது தாண்டி நிழல் கிழக்கே திரும்பினால் தண்ணீர் எங்களுக்கு. கமலை இறைத்த காலத்தில் தொடங்கியது, ஆயில் என்ஜின் வந்து, கரண்டு மோட்டார் வந்த பிறகும் அப்படியே நடந்தது. எத்தனை மணிக்கு மோட்டாரை மாற்றுவீர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேட்டால், "நெழல் திரும்புனதும்" என்றுதான் எங்கள் ஊரில் பதில் வரும். மேகம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று நான் ஒருமுறை கிண்டலாகக் கேட்டேன். "மேகம் போட்டா தண்ணிக்கு என்னம்மா அவசரம்?" என்றார் மதினி.

அண்ணன் திடீரென்று போனார். நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மதினிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரே மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே மதினி தோட்டத்துக்குப் போய்விட்டார். ஊர் வாயில் விழுந்தார், கண்டுகொள்ளவில்லை. ஆனால் அந்தப் பதினாறு நாளில் தண்ணீர் முறை மாறிப்போயிருந்தது. பெரியப்பாவின் மகன், பெரிய வீட்டு அண்ணன், மோட்டார் அறையில் ஒரு சுவர்க்கடிகாரத்தை மாட்டி, மதியம் ஒரு மணிக்கு மேல்தான் மதினிக்குத் தண்ணீர் என்று சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் அவர் பக்கம் போனது. தனியாக நிற்கிற பொம்பளை என்ன செய்துவிடுவாள் என்ற நினைப்புதான், வேறொன்றுமில்லை.

அன்று நானும் அங்கே இருந்தேன். மதினி கல்லின் பக்கத்தில் போய் நின்று தரையைப் பார்த்தார். நிழல் கிழக்கே இம்மி திரும்பியிருந்தது. நேரே மோட்டார் அறைக்குப் போய் பெரிய வீட்டுப் பக்கத்து மடையை அடைத்து, எங்கள் பக்கத்து மடையைத் திறந்துவிட்டார். பெரிய வீட்டு அண்ணன் கடிகாரத்தைக் காட்டிச் சத்தம் போட்டார். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"கடியாரம் உங்க வீட்டுது மச்சான். நீங்க முள்ளைத் திருப்புனா அது திரும்பும்," என்றார் மதினி. "அந்த நெழலைச் செத்தத் திருப்பிக் காட்டுங்க. திருப்பிட்டீகன்னா நான் தோட்டத்தையே எழுதிக் குடுத்துட்டுப் போயிர்றேன்."

கூடியிருந்தவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு பெரிய வீட்டு அண்ணனைத் தோற்கடித்துவிட்டது. கடிகாரம் மறு வாரம் சுவரிலிருந்து இறங்கியது. ஆனாலும் மதினி நம்பவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷம், ஒவ்வொரு நாளும் உச்சிப்பொழுதில் கல்லுக்குக் கீழே போய் நின்று நிழலைப் பார்த்துவிட்டுத்தான் மடையைத் திறந்தார். எங்கள் உறவில் ஒரு ஆம்பளைகூட அவருக்காக வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சொந்தத்துக்குள் சண்டை வேண்டாம் என்று நாசூக்காக ஒதுங்கிக்கொண்டேன். அந்த மல்லிகைத் தோட்டத்தை வைத்தேதான் மகளைப் படிக்கவைத்து, ஆயக்குடியில் கட்டிக்கொடுத்தார்.

காலம் போனது. பெரிய வீட்டு அண்ணன் பிள்ளைகள் வெளியூர்களில் தங்கிவிட்டார்கள். அவர் தன் நிலம் முழுவதையும், கிணற்றில் தனக்கிருந்த பங்கோடு சேர்த்து, பிளாட் போடுகிற ஒருவருக்கு விற்றுவிட்டார். விற்றது அவர் உரிமை, அதை நான் குறை சொல்லவில்லை. வாங்கியவர் நிலத்தைச் சமப்படுத்தி, சிவப்புக்கொடி நட்டு, தார்ரோட்டுக்கு அளந்தார். அந்த ரோடு சரியாக நெட்டைக்கல்லின் மேல் போனது. கல்லைச் சுற்றிப் போகலாமே என்று மதினி கேட்டதற்கு, ரோடு வளைந்தால் வாஸ்து கெட்டுவிடும், மனை போகாது என்று பதில் வந்ததாம். பொது இடத்தில் மதினிக்கும் பாதி உரிமை உண்டு. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்துவிட்டது.

இதை மதினி சொல்லிக் கேட்கவில்லை. அந்த டிரைவரே பின்னால் ஒரு சமயம் என்னிடம் சொன்னார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். அவர் வண்டியைக் கல்லுக்கு நேராகக் கொண்டுவந்தபோது, மதினி பூக்கூடையோடு வந்து கல்லில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் சத்தம் போடவில்லை. கூடையிலிருந்த மல்லிகையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

"ஏனுங்க அக்கா, நானு கூலிக்கு வந்தவனுங்க. செத்தத் தள்ளி உக்காருங்க," என்றாராம் டிரைவர்.

"இந்தக் கல்லை நீ நட்டியா தம்பி?"

"இல்லீங்க."

"உங்க மொதலாளி நட்டாரா?"

"அவரெங்கீங்க நட்டாரு."

"நடாதவுக எதுக்குப்பா புடுங்க வாரீக? நட்டவனைக் கூட்டிட்டு வா, எந்திரிச்சுக்கிறேன்."

பகல் முழுக்க அவர் எழுந்திருக்கவில்லை. பிளாட்காரரின் ஆட்கள் வந்து மிரட்டினார்கள், கெஞ்சினார்கள், போலீசைக் கூப்பிடுவோம் என்றார்கள். "கூப்பிடு, நானும் நாலு வார்த்தை கேக்கணும்" என்று பதில் வந்தது. மதியம் டிரைவர் தூக்குச்சட்டியைத் திறந்து வெறும் தயிர்சோற்றைத் தின்ன ஆரம்பித்ததும், "வெஞ்சனம் இல்லாமயா திங்கிறது?" என்று மதினி தன் சட்டியிலிருந்து கத்தரிக்காய்ப் பொரியலை அள்ளி வைத்திருக்கிறார். சாயங்காலம் அந்த டிரைவர், வண்டியில் கோளாறு என்று முதலாளியிடம் போனில் சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதினி திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் நின்றார். மார்க்கெட்டில் பூவைப் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். எனக்கு ஓய்வுபெற ஒரு வருஷம்தான் பாக்கி. பிளாட்காரருக்குப் பெரிய இடங்களில் செல்வாக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை நிதானம் மாதிரி முகத்தில் பூசிக்கொண்டு, "விட்டுக்கொடுத்துப் போங்க மதினி. ஒரு கல்லுக்காக எதுக்கு இம்புட்டு?" என்றேன்.

மதினி என்னை முறைக்கவில்லை. அதுதான் அன்று எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது. "தாயி, உங்கண்ணன் போனப்ப இந்த ஊர்ல எனக்குச் சாட்சி சொன்னது அது ஒண்ணுதான். மனுசன் ஒருத்தனும் சொல்லல. அதுக்கு ஒண்ணுன்னா நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார். மனுசன் ஒருத்தனும் என்பதில் நானும் அடக்கம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

என் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான மனுக்களைப் படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒன்றை எழுதினேன். மதினி சொல்லச் சொல்ல அடித்தேன். கல் எத்தனை முழம், எந்தப் பக்கம் தட்டை, சுற்றியிருக்கிற உருண்டைக் கற்கள் எத்தனை, எந்தக் கல்லுக்கும் எந்தக் கல்லுக்கும் நடுவே இடைவெளி அதிகம், மண்ணைக் கொத்தினால் உள்ளே கறுப்பும் சிவப்புமாக வருகிற பானை ஓட்டுச்சில்லு என்று எல்லாவற்றையும் சேர்க்கச் சொன்னார். இவ்வளவு எதற்கு, யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் வரிசையில் நின்று மதினியே கொடுத்தார். அடுத்த திங்களும் போனார், அதற்கடுத்த திங்களும் போனார். அங்கே இருக்கிற காவலருக்கு மதினியின் முகம் பழகிப்போய், "வாங்க கல்லுக்காரம்மா" என்று கூப்பிடுகிற அளவுக்கு ஆனது. மனு நிலுவையில் இருந்ததால் பிளாட்காரரும் கல்லை விட்டுவிட்டு மற்றப் பக்கம் வேலை பார்த்தார். மனு எப்படியோ நகர்ந்து தொல்லியல் அலுவலர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் நேரில் வந்து பார்க்க ஒரு நாள் குறித்தார்.

இங்கேதான் நான் வருகிறேன். மதினி அந்த வாரம் மகளின் வளைகாப்புக்கு ஆயக்குடி போயிருந்தார். அலுவலர் வருகிற நாளன்று காலையில் வந்துவிடுவதாக ஏற்பாடு. நான் முதல் நாள் ஊர் வார்டு மெம்பருக்குப் போன் போட்டேன். "நாளைக்கு ஆபீசர் வாராரு. முள்ளும் குப்பையுமா இருக்கக் கூடாது. எடம் பாக்குற மாதிரி இருக்கணும். வெள்ளை கிள்ளை அடிச்சு வைங்க," என்றேன். நானேதான் சொன்னேன். முப்பத்துச் சொச்சம் வருஷ அலுவலகப் புத்தி அது. அதிகாரி வருகிறார் என்றால் ஓட்டடை அடிப்போம், பழைய மேசையை ஒளித்து வைப்போம், பூந்தொட்டியைக் கடன் வாங்கி வாசலில் வைப்போம், தொட்டிக்கும் காவி அடிப்போம். பார்க்க வருகிறவர் கண்ணில் உள்ளது உள்ளபடி எதுவும் பட்டுவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான். வார்டு மெம்பரும் நல்ல மனுஷன். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அழைத்துக்கொண்டு போய், தண்ணீர்த்தொட்டிக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பையும் காவியையும் கல்லுக்கு அடித்து, சுற்றிக் கிடந்த உருண்டைக் கற்களை இடைஞ்சல் என்று பெயர்த்து வேலி ஓரம் குவித்து, தரையைப் பெருக்கி, ஓட்டுச்சில்லையெல்லாம் கூட்டி அள்ளி, பெரிய கோலமும் போட்டு வைத்துவிட்டார்கள். ஊரே பெருமையோடு காத்திருந்தது.

நானும் அலுவலரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். கல்லைப் பார்த்ததும் அவர் நடை நின்றுவிட்டது. கிட்டே போய் விரலால் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. காலடியில் கோலத்தைப் பார்த்தார், வேலி ஓரத்துக் கற்குவியலைப் பார்த்தார். சின்ன வயது அலுவலர், அழுதுவிடுவார் போல இருந்தது. "இந்தச் சுத்திக் கல்லெல்லாம் இருந்த எடத்துல இருந்தாத்தாங்க எங்களுக்கு ஆதாரமே. இப்ப நான் என்னன்னு எழுதுறது?" என்றார். அப்போதுதான் மதினி, ஒரு கையில் கொய்யாப்பழப் பை, மறு கையில் செருப்பு, பஸ் ஸ்டாப்பிலிருந்து வரப்பு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பட்டை அடித்த கல்லைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது. கொய்யாப்பழங்கள் கோலத்தின் மேல் உருண்டன.

"யாருங்க இப்படிச் செய்யச் சொன்னது?" என்று அலுவலர் கேட்டார்.

வார்டு மெம்பர் என்னைப் பார்த்தார். வேலைக்கு வந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தேன். எழுத்தில் ஏறினால் என்ன ஆகும், ஒரு அரசு ஊழியரே ஆதாரத்தை அழித்தார் என்று பிளாட்காரர் எழுதிப்போட்டால் என்ன ஆகும், ஓய்வுபெறும் நேரத்தில் விசாரணை வந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் யோசித்தேன். கல்லைப் பற்றி யோசிக்கவில்லை. மதினி என் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"நாங்கதான் சார் செஞ்சோம். ஆபீசர் வாராகன்னு ஒரு ஆசையில தெரியாமச் செஞ்சுட்டோம். இது எம் பொறுப்பு, எம் பேரையே எழுதிக்கங்க," என்றார்.

அலுவலர் எழுதிக்கொண்டார். மதினி அதோடு நிற்கவில்லை. கோலத்தைக் காலால் தேய்த்துக் கலைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தடவ ஆரம்பித்தார். அந்த இடத்தில் அவர் ஒருநாளும் ஏர் ஓட்டியதில்லை, கையால்தான் புல் பிடுங்குவார். அதனால் மண் கெட்டிப்பட்டுக் கிடந்தது. பெருக்கித் தள்ளிய புழுதியை அவர் சேலைத் தலைப்பால் ஒதுக்க ஒதுக்க, ஒவ்வொரு கல்லும் பதிந்திருந்த குழி வட்டமாகத் தெரிந்தது.

"கல்லைத்தான் பேத்திருக்காக சார், குழி இருக்கு பாருங்க. பல்லு விழுந்தாலும் ஈறு இருக்கும்ல?"

அலுவலர் முட்டி போட்டு உட்கார்ந்தார். இருவருமாக உச்சிவெயிலில் குழி குழியாகத் தேடினார்கள். எந்தக் குழியில் எந்தக் கல் இருந்தது என்று மதினி சொல்ல, குவியலிலிருந்து அதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்; பொருந்தியது. ஒவ்வொன்றையும் அளந்து, படம் எடுத்து, எழுதிக்கொண்டார் அவர். இது இரும்புக் காலத்து நெடுங்கல், ரெண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது என்று அவர் சொன்னபோது, "அம்புட்டு வயசா? அதான் இம்புட்டு நிதானம்" என்று மதினி கல்லை அண்ணாந்து பார்த்தார். கழுவக் கூடாது, சுரண்டக் கூடாது, மழையில் போகிற மட்டும் போகட்டும் என்று சொல்லிவிட்டு அலுவலர் கிளம்பினார்.

எல்லோரும் போன பிறகு நான் மதினியிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவர் சிதறிய கொய்யாப்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "விடும்மா. நீ கவர்மெண்டு ஆளு, ஒன்னைய நோண்டுவாக. என்னைய எந்த வேலைய விட்டுத் தூக்குவாக?" என்று சிரித்தார். ஒரு பழத்தைச் சேலையில் துடைத்து என் கையில் வைத்தார். அதை என்னால் தின்ன முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன், மேசைமேல் வைத்தேன், நாலாம் நாள் தூக்கிப் போட்டேன். நன்றி என்று ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்திருக்கும்.

வெகு நாள் கழித்து, கல்லைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்க உத்தேசித்திருப்பதாகவும் ஆட்சேபணை இருந்தால் இரண்டு மாதத்துக்குள் தெரிவிக்கும்படியும் அரசு அறிவிப்பு வந்தது. கல்லில் ஒட்டக் கூடாது என்பதால் அதை மோட்டார் அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மதினி அதன் முன்னால் நின்று முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாராம். நான் அதற்குள் ஓய்வுபெற்றிருந்தேன். அந்த ஐப்பசி மழையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் பூப்பறித்துக்கொண்டே இருந்துவிட்டார். டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது முற்றிப்போயிருந்தது. கட்டிலில் கிடந்தபடி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆட்சேபணை எவனும் போட்டுட்டானா?" இல்லை என்று பொய் சொன்னேன். பிளாட்காரர் ஏற்கெனவே போட்டிருந்தார்.

விசாரணை திண்டுக்கல்லில், ஒரு அலுவலகத்தின் மாடி அறையில் நடந்தது. மதினி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. ஆயக்குடியிலிருந்து மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வார்டு மெம்பர் வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி, பக்கத்தில் அன்றைக்கு வந்த அதே இளம் அலுவலர். பிளாட்காரரின் வக்கீல் எழுந்து, வண்ணம் பூசிய கல்லின் படத்தைப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். இது பழங்காலத்துக் கல்லே இல்லை, ரோட்டைத் தடுப்பதற்காகப் பக்கத்து நிலக்காரி செய்த ஜோடனை என்றார். அலுவலரின் குறிப்பிலிருந்தே ஒரு வரியைப் படித்தார்: "நாங்கதான் செஞ்சோம், இது என் பொறுப்பு." பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சம்பந்தப்பட்ட பெண்மணியே தன் வாயால் ஒத்துக்கொண்ட பிறகு இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?" என்றார்.

என்னைக் காப்பாற்ற மதினி சொன்ன வார்த்தையை எடுத்து அவர் காத்த கல்லையே அடிக்கிறார்கள். சம்பந்தப்பட்ட பெண்மணி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று தோன்றியது. எழுந்தேன். அரசு அலுவலகத்தில் அனுமதி கேட்காமல் நான் எழுந்து பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"எங்க மதினி சொன்னது பொய்," என்றேன்.

"அத்தை, என்ன சொல்றீங்க?" என்று மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். வக்கீல் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வெள்ளையடிச்ச அன்னைக்கு அவங்க ஊர்லயே இல்ல. ஆயக்குடியில இருந்தாங்க. வெள்ளையடிக்கச் சொன்னது நான். இந்த மெம்பருக்குப் போன் போட்டுச் சொன்னது நான். அப்ப நான் அரசு ஊழியர். ஆபீசர் வந்தா வெள்ளையடிக்கணும்ங்கிறதைத் தவிர எனக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஜோடனையும் இல்ல, திட்டமும் இல்ல, முட்டாத்தனம். வெள்ளையடிக்கிறதுக்கு ரொம்ப முந்தியே குடுத்த மனு உங்க ஃபைல்ல இருக்கு, வாங்குன தேதி முத்திரையோட. அதுல சுத்திக் கல்லு எத்தனை, இடைவெளி எம்புட்டு எல்லாம் இருக்கு. இவர் குழியை அளந்த குறிப்பும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. தப்புக்கு நடவடிக்கை எடுக்கணும்னா எம்மேல எடுங்க. செத்துப்போன மனுஷி மேல ஏத்தாதீங்க."

வார்டு மெம்பர் எழுந்து, "ஆமா சார், அம்மாதான் போன் பண்ணுச்சு. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார். விசாரணை அதிகாரி மனுவைத் தேடி எடுத்தார். நான் அலுத்துக்கொண்டே அடித்த அந்த இரண்டு பக்கத்தையும் அலுவலரின் அளவுகளையும் வரிவரியாக ஒப்பிட்டார்கள். வக்கீல் நடுவில் இரண்டு தடவை குறுக்கிட்டார். மூன்றாவது தடவை அதிகாரி கையைக் காட்டி உட்காரச் சொன்னார். என்னிடம் வெள்ளைத்தாள் கொடுத்து, சொன்னதை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். பதவிப்பெயர் எழுதுகிற இடத்தில் ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர் என்று எழுதக் கை பழகியிருந்தது. அதை எழுதாமல், இன்னாரின் நாத்தனார் என்று மதினியின் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஆட்சேபணை தள்ளுபடியாகி, இறுதி அறிவிப்பும் வந்துவிட்டது. இப்போது கல்லைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கிற நீலப்பலகை இருக்கிறது. பிளாட்காரரின் ரோடு சமர்த்தாக வளைந்து போகிறது. வாஸ்து கெட்டதாகத் தெரியவில்லை. மனை விற்பனை நோட்டீசில் 'பாரம்பரியச் சின்னத்துக்கு மிக அருகில்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கல்லின் படத்தையும் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். மதினி இருந்திருந்தால் அந்த நோட்டீசை எடுத்துக்கொண்டு போய் பிளாட்காரர் ஆபீஸ் வாசலில் நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பார். போன வாரம் நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். என் மேல் நடவடிக்கை எதுவும் இதுவரை வரவில்லை. வந்தால் வரட்டும்.

விசாரணை நாளன்று எல்லோரும் கலைந்த பிறகு அந்த இளம் அலுவலர் என் வாக்குமூலத்தை ஃபைலில் கோத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். "அன்னைக்கு நான் அவ்வளவு கேட்டேனே அம்மா. நீங்களும் அங்கதானே நின்னீங்க? அன்னைக்கே ஏன் சொல்லல?"

"அன்னைக்கு எங்க மதினி இருந்தாங்க சார்," என்றேன். "அதையும் எழுதிக்கங்க."